தராசு வீட்டுப் பாதிப் பெட்டி

"இந்த மாசம் முடியறதுக்குள்ள அந்தப் பாதியை வாங்காம விடமாட்டேன்!" என்று தராசு சபதம் போட்டார். சபதம் போட்டபோது வாயில் பல் தேய்க்கும் பிரஷ் இருந்தது. ஆகவே அவர் மனைவிக்கு "இந்த மாசம்" என்பதும் கொஞ்சம் நுரையும்தான் வந்து சேர்ந்தன. மீதியை அவளே ஊகித்துக்கொண்டாள். நாற்பது வருஷக் குடித்தனம், இதுகூடத் தெரியாதா?

தராசு என்பது அப்பா அம்மா வைத்த பேர் இல்லை. மனுஷன் எடை அளவை இன்ஸ்பெக்டர். முப்பத்திநாலு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கியவர். அவர் தெருமுனையில் வருகிறார் என்றால் போதும், கடைக்காரர்கள் தட்டின் அடியில் ஒட்டி வைத்த மெழுகை அவசர அவசரமாகச் சுரண்டுவார்கள். அப்படிப்பட்டவருக்கு ஊர் வேறு என்ன பேர் வைக்கும்? வீட்டிலும் அதே கதைதான். ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்தால் சுளையை எண்ணி மனைவிக்குப் பாதி கொடுப்பார். சுளை ஒற்றைப்படையில் வந்து தொலைத்தால் அன்றைக்கு வீட்டில் ஒருத்தருக்கும் நிம்மதி கிடையாது.

மனைவி ஆரம்பப் பள்ளி டீச்சர். அவளும் ரிடையர் ஆனவள்தான். பிரம்பைக் கையால் தொட்டதில்லை என்று பேர் வாங்கியவள். பதில் சொல்லாத பிள்ளையின் முன்னால் போய் நிற்பாள். சும்மா நிற்பாள். மணி அடித்தாலும் நகர மாட்டாள். கடைசியில் பிள்ளையே அழுதுகொண்டு பதிலைச் சொல்லிவிடும்.

இந்த வீட்டில் ஒன்பது வருஷமாக ஒரு சண்டை நடக்கிறது. காரணம் ஒரு பெட்டி. மேஜைமேல் வைத்து எழுதுகிற பழைய மரப்பெட்டி. தராசுவின் அப்பா கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். ஊரை விட்டுப் போன பெரிய அதிகாரி ஒருத்தர் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போன பெட்டி அது. அப்போதே அதற்கு நூறு வயசு என்று அப்பா பெருமை அடித்துக்கொள்வார். மூடியிருந்தால் மூலைக்கு மூலை பித்தளை கட்டிய கறுப்புப் பெட்டி. திறந்து விரித்தால் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேர்ந்து பச்சை வெல்வெட் ஒட்டிய ஒரே சரிவுப் பலகையாக ஆகிவிடும். மேல்பாதியில் மைக்கூட்டுக்கு ஒரு குழி, பேனாவுக்கு ஒரு பள்ளம். கீழ்ப்பாதியின் பக்கவாட்டில் ஒரு குட்டி இழுப்பறை. அதற்கு ஒரு பூட்டு. பூட்டுக்கு விரல்நகம் அளவில் ஒரு சாவி. தராசும் அவர் தங்கையும் பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடத்தை அதன்மேல் முட்டி மோதிக்கொண்டுதான் எழுதினார்கள்.

அப்பா போனார். பெட்டி எனக்கு என்றார் தராசு. எனக்கு என்றாள் தங்கை. பார்த்துப் பார்த்து அந்த மாதம்தான் தராசுவுக்கு ரிடையர்மெண்டும் வந்தது. அதிகாரம் கையை விட்டுப் போன ஆத்திரத்தில் இருந்த மனுஷனுக்கு, கடைசியாக ஒரு தடவை நியாயம் வழங்கிப் பார்க்கலாமே என்று தோன்றிவிட்டது. திருப்புளியை எடுத்தார். பெட்டியின் கீலைக் கழற்றினார். ஆறு திருகாணி வந்தது.

"உனக்கு மூணு, எனக்கு மூணு. உனக்குக் கீழ்ப்பாதி, எனக்கு மேல்பாதி. பூட்டு உன்கிட்ட வந்துட்டதால சாவி என்கிட்ட. எவன் வேணா வந்து எடை போட்டுப் பாக்கட்டும்!"

தங்கை பெட்டியைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

"நல்லவேளைண்ணா, அம்மா முன்னாடியே போயிட்டா. இல்லேன்னா அவளையும் நடுவுல பிரிச்சிருப்பே," என்றாள்.

தராசுவுக்குச் சுருக்கென்று தைத்தது. "இனிமே நீயா வந்து பேசினாத்தான் பேச்சு" என்று சொல்லிவிட்டு, தன் பாதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதோடு சரி. தங்கை வீடு பஸ்ஸில் நாலே ஸ்டாப். அந்த நாலு ஸ்டாப்பை அண்ணனும் கடக்கவில்லை, தங்கையும் கடக்கவில்லை. இதை என்னவென்று சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

பாதிப் பெட்டியை வைத்துக்கொண்டு தராசு பட்ட பாடு தனிக் கதை. அதில் காகிதத்தை வைத்தால் தேதி எழுதலாம். "அன்புள்ள" என்று எழுதலாம். அதற்குக் கீழே அதலபாதாளம். பேனா பொத்தென்று மேஜையில் விழும். தங்கையிடம் இருக்கிற பாதியிலோ "இப்படிக்கு" மட்டும்தான் எழுத முடியும். எத்தனையோ நாள் மத்தியானம் அவர் உட்கார்ந்து தேதி போட்டு, "அன்புள்ள தங்கைக்கு" என்று எழுதி, பள்ளத்தில் விழுந்து, காகிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கிறார். கிழித்ததை மனைவி பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். குப்பைக்கூடையைக் கொட்டுவது யார் என்று அவர் யோசித்ததே இல்லை.

அவர் நம்பியதெல்லாம் சாவியைத்தான். சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடிக்கூட்டோடு எப்போதும் இருக்கும். 'இழுப்பறை அவகிட்ட, சாவி என்கிட்ட. எத்தனை நாளைக்குத் திறக்காம இருப்பா? என்னிக்காவது ஒரு நாள் சாவிக்குன்னு வந்துதானே ஆகணும்' என்று காத்திருந்தார். வாசலில் ஆட்டோ நின்றால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். ஒன்பது வருஷம். எத்தனை ஆட்டோ நின்றிருக்கும்!

இந்த லட்சணத்தில்தான் சபதத்துக்கு முதல் நாள் சாயங்காலம், அடுத்த வீட்டுப் பல்செட்காரர் வேலியோரம் வந்தார். ஊரில் பாதிப் பேர் வாயில் இருப்பது அவர் கட்டிய பல்தான்.

"சார், நேத்து உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன்."

"யாரு?" என்றார் தராசு, காதில் விழாத மாதிரி.

"உங்க தங்கச்சிங்க. செட்டு நிக்கவே மாட்டேங்குதுன்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. போய்ப் பாத்தா செட்டு மேல தப்பே இல்லை. ஈறு சுருங்கிப்போச்சு. ஆளே பாதியா ஆயிட்டாங்க சார். டாக்டர் கை விரிச்சிட்டாராம்."

தராசு கையில் இருந்த பூவாளியிலிருந்து தண்ணீர் ஒரே செடிக்கு ஊற்றிக்கொண்டே இருந்தது. மற்ற செடிகளுக்கு அன்று ஒரு சொட்டுக்கூடக் கிடைக்கவில்லை. செடிக்குச் செடி குவளை அளந்து ஊற்றுகிறவர் அவர்.

காலையில் சபதம் போட்டது அதனால்தான். 'நான் போய்ப் பேசினா நான் தோத்தவன். ஆனா பெட்டி விஷயமாப் போனா அது பேச்சுல சேராது. அது அலுவல். அலுவல்னா எதிரி வீட்டுக்குக்கூடப் போகலாம்.' இப்படி ஒரு சட்டத்தைத் தனக்குத்தானே போட்டுக்கொண்டார். தங்கையைப் பார்க்க வேண்டும். பார்க்க வந்ததாகத் தெரியக்கூடாது. மனுஷனுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

வாய் கொப்பளித்துவிட்டு மனைவியிடம் வந்தார்.

"ஏம்மா, அவகிட்ட ஒரு பாதி இருக்கில்ல..."

"எவகிட்ட?"

"அதான், அவ."

"அவன்னா யாருங்க? தெருவுல ஆயிரம் அவ."

"நாலு ஸ்டாப் தள்ளி இருக்கிறவ!"

"உங்க தங்கச்சியா?"

"உனக்கு நாத்தனார்," என்று அதிலும் சரிபாதி பங்கு பிரித்தார் தராசு.

டீச்சர் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். பதில் தெரிந்தும் எழுந்து நின்று முழிக்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"அவளுக்கு என்ன?"

"அவளுக்கு என்ன, ஒண்ணுமில்லை. பெட்டிதான். அந்தக் கீழ்ப்பாதி எனக்கு வேணும்."

"பெட்டி மட்டும்தான் வேணுமா?"

"பெட்டி மட்டும்தான்."

"வேற எதாவது கேக்கணும்னா கேளுங்க. நான் எங்கேயும் போகலை."

"வேற கேக்க என்ன இருக்கு?"

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். "அப்ப நீங்களே போய்க் கேளுங்க. பிரிச்சவங்கதானே சேக்கணும். எனக்கு முட்டி வலி," என்றாள். வெள்ளிக்கிழமை தவறாமல் ஓய்வுபெற்ற டீச்சர் சங்கத்துக்குக் கிளம்பும்போது மட்டும் அந்த முட்டி வலிப்பதில்லை. தராசு அதைக் கவனிக்கவில்லை. உள்ளுக்குள் அவருக்கு ஒரே குஷி. நாமாகப் போகவில்லை, பெண்டாட்டி அனுப்பித்தான் போகிறோம்!

போவதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை வேலை ஒன்று பாக்கி இருந்தது. கூடத்து மூலையில் பிரிவு உபசாரத்தில் கொடுத்த பித்தளைத் தராசு இருந்தது. அதை வைக்க அவள்தான் ஒரு பீடம் ஏற்பாடு பண்ணியிருந்தாள். தரைவரை தொங்குகிற பூப்போட்ட துணி போர்த்தியது. "கீழே என்ன?" என்று முதல் நாளே கேட்டார். "எங்க அம்மா வீட்டுச் சாமான். மேல பழைய பேப்பர் அடுக்கியிருக்கேன்" என்றாள். மாமியார் வீட்டுச் சாமான் என்றால் அவர் தொடவும் மாட்டார், விசாரிக்கவும் மாட்டார். விசாரித்தால் பாராட்ட வேண்டிவரும். ஆனால் ஒன்று, ஊர்த் தராசுகளை எல்லாம் நிமிர்த்திய இன்ஸ்பெக்டர் வீட்டில் இடது தட்டு எப்போதும் ஒரு மயிரிழை தாழ்ந்தே நிற்கும். கொத்தனாரைத் திட்டினார். வீடு கட்டினவனைத் திட்டினார். ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று. கடைசியில் ஞாயிறுதோறும் தராசின் இடது காலின் அடியில் ஒரு பஸ் டிக்கெட்டை மடித்துச் சொருகுவது வழக்கமாகிவிட்டது.

அன்றும் சொருகினார். அப்புறம் தன் பாதியை ஒரு போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

தங்கைக்குக் கணவன் போய் ரொம்ப வருஷம். பிள்ளை குட்டி இல்லை. துணைக்கு ஒரு நர்சம்மா இருந்தாள். அவள்தான் கதவைத் திறந்தாள்.

"யாருங்க?"

"பெட்டி விஷயமா வந்திருக்கேன்," என்றார் தராசு, அலுவல் குரலில்.

நர்சம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, பெட்டிக்கெல்லாம் இங்க இன்னும் யாரும் சொல்லலையே! எந்தப் பாவி உங்களை அனுப்பினான்?" என்று கதவைச் சாத்தப் போனாள்.

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிப்பு பாதியில் இருமலானது. "அது எங்க அண்ணன்தான். உள்ள விடு. அவர் கேக்கற பெட்டி வேற."

கட்டிலில் தலையணைக்கும் தங்கைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தராசு ஒரு தடவைதான் பார்த்தார். பார்த்த உடனே கண்ணைத் தூக்கி மின்விசிறியின் மேல் போட்டுவிட்டார். அப்புறம் பேசியதெல்லாம் மின்விசிறியோடுதான்.

"அந்தக் கீழ்ப்பாதி வேணும்."

"உன் பாதி உன்கிட்ட, என் பாதி என்கிட்ட. நீ பிரிச்ச பிரிப்புதானே?"

"ரெண்டையும் சேத்து ஒருத்தர் கேக்கறார்."

"யாரு?"

ஆள் யார் என்று அவர் யோசித்து வைக்கவில்லை. பொய்க்கு எடை பார்த்துப் பழக்கமில்லாத மனுஷன். "பல்செட்காரர்," என்று விட்டார்.

"அவருக்கு எதுக்குண்ணா எழுதற பெட்டி?"

"பல்லு வைக்க."

தங்கை மறுபடி சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெட்டி பரண் மேல கிடக்கு. ஆள் வெச்சுத்தான் எடுக்கணும். நாளைக்கு வாயேன்."

மறுநாள் போனார். "பரண்ல இல்லண்ணா. அடுத்த தெருவுல யாரோ வாங்கிட்டுப் போனாங்க. கேட்டு வைக்கறேன், நாளைக்கு வா." மூன்றாம் நாள் அடுத்த தெருக்காரர் ஊரில் இல்லை. நாலாம் நாள் பெட்டி தச்சரிடம் போயிருந்தது. ஐந்தாம் நாள் தச்சருக்குக் கல்யாணம். எட்டாம் நாளும் தச்சருக்குக் கல்யாணம்.

"எத்தனை கல்யாணம் பண்ணிக்குவான் அந்தத் தச்சன்?" என்று வீட்டுக்கு வந்து கத்தினார் தராசு.

"நாளைக்குப் போய்க் கேளுங்க," என்றாள் டீச்சர்.

"போகத்தான் போறேன். விடறதா இல்லை!"

வெளியே இந்தக் கூச்சல். உள்ளே என்ன என்று கேட்டால், காலையில் எழுந்ததும் மனுஷன் முகச்சவரம் செய்துகொள்ள ஆரம்பித்திருந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டார். பெட்டி கிடைக்காத ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் திரும்பும்போது, 'அப்பாடா, நாளைக்கும் போகலாம்' என்று நினைத்துக்கொண்டார். தங்கையை ஏமாற்றி அவளைத் தினமும் பார்த்துவிட்டு வருகிறோம் என்று அவருக்குப் பெருமை வேறு.

பெட்டிப் பேச்சு ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அப்புறம் ஒரு மணி நேரம் இருவரும் உலகத்தையே பேசினார்கள். பஸ் கண்டக்டர் பற்றி. எதிர்வீட்டு நாய் பற்றி. தங்கை டெலிபோன் ஆபீசில் இருந்த காலத்தில் எந்தெந்தப் பெரிய மனுஷனுக்கு எந்தெந்த ராங் நம்பர் கொடுத்தாள் என்பது பற்றி. எல்லாம் பேசினார்கள். "உடம்புக்கு எப்படி இருக்கு?" என்று மட்டும் தராசு கேட்கவில்லை. அதைக் கேட்டால் அது பேச்சில் சேர்ந்துவிடும். அந்தக் கேள்வி தொண்டைவரை வரும். வந்து மீன்முள் மாதிரி நிற்கும்.

பத்தாம் நாள் வேலியோரம் பல்செட்காரர் பிடித்துக்கொண்டார்.

"சார், நான் ஏதோ பெட்டி வாங்கறதா ஊரெல்லாம் பேச்சு?"

"அது வந்து... ஒரு அலுவல்."

"போகட்டும். நேத்து உங்க தங்கச்சி மறுபடி கூப்பிட்டாங்க. செட்டைக் கொஞ்சம் இறுக்கிக் குடுன்னாங்க. இந்த உடம்புக்கு எதுக்கும்மா வலியை வாங்கிக்கறீங்கன்னேன். 'தினமும் எனக்கு ஒரு விருந்தாளி வர்றார், சிரிக்கணும், பேசணும், பல்லு வேணும்'னாங்க. யார் சார் அது?"

தராசு வீட்டுக்குள் போனார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. தலை மட்டும் நனையவில்லை. டீச்சர் துண்டை நீட்டினாள்.

"எதாவது கேக்கணுமா?"

"சோப்பு கண்ணுல பட்டுடுச்சு," என்றார்.

பதினேழாம் நாள் போனபோது பல்செட் கட்டிலோரத்து டம்ளரில் கிடந்தது. தங்கை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மின்விசிறி நின்றிருந்தது, குளிருகிறது என்று சொன்னாளாம். பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் தராசு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கால் மணி ஆயிற்று. முள் தொண்டையில் குத்தியது. கடைசியில் கேட்டே விட்டார்.

"பெட்டி எப்படி இருக்கு?"

தங்கை கண்ணைத் திறந்தாள். அண்ணனையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இருக்கு. பழசுதானே. கீலெல்லாம் விட்டுப்போச்சு."

"ரொம்ப... ரொம்ப ஆட்டம் குடுக்குதா?"

"ராத்திரியிலதான். பகல்ல பரவாயில்லை."

"நல்ல தச்சனாப் பாத்து ரிப்பேர் பண்ணினா தேறாதா?"

"பாத்தாச்சுண்ணா. நல்ல தச்சர்தான். தேறாதுன்னுட்டார்."

தராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார். "சரி, நாளைக்கு வர்றேன்," என்று எழுந்தார்.

"வா. பெட்டி கிடைக்காட்டாலும் வா."

"பெட்டி இல்லாம எனக்கு இங்க என்ன வேலை?" என்று வழக்கப்படி வாயில் வந்துவிட்டது. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். இறங்கித் திரும்பப் போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒரு ஸ்டாப் முழுக்க யோசித்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை சவரம் செய்து, சட்டை போட்டு, பாதிப் பெட்டியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டினார். கூடத்தில் போன் அடித்தது. டீச்சர் எடுத்தாள். "ம்" என்றாள். "ம்" என்றாள். வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"இன்னிக்கு அவசரமில்லைங்க. ரெண்டு பேருமாப் போவோம்."

"ஏன், பெட்டி கிடைச்சுடுச்சாமா?" என்றார் தராசு.

 அவர் கையிலிருந்த போர்வை மூட்டையை வாங்கி மெதுவாகக் கீழே வைத்தாள். அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

எல்லாம் முடிந்து பத்து நாள் ஆயிற்று. தராசு கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து போனது. பஸ் டிக்கெட் சொருகவில்லை. டீச்சர் ஒரு ஆரஞ்சை உரித்து மொத்தத்தையும் அவர் கையில் வைத்தாள். அவர் எண்ணாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா."

"சொல்லுங்க."

"அவளுக்கு ரொம்ப வலிச்சுதா?"

டீச்சர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். மணி அடித்தாலும் நகராத டீச்சருக்கு அன்றைக்குத்தான் கண் நிறைந்தது.

"வலிச்சுது. நீங்க வர்ற நேரத்துக்கு முன்னாடி மாத்திரை போட்டுக்கிட்டுத் தயாரா உக்காந்துக்குவா. நீங்க போனப்புறம் படுத்துக்குவா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போவேனே."

"அது சங்கம்!"

"சங்கத்துல மெம்பரே ரெண்டு பேர்தாங்க."

 பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்த ஒன்பது வருஷமும் தனியா எப்படி இருந்தா? மழைக்காலத்துல இருமுவாளே, யார் பாத்துக்கிட்டா? என்மேல கோவமாவே இருந்தாளா? என்னைப் பத்தி எப்பவாவது பேசினாளா? டீச்சர் சொல்லச் சொல்ல, இன்னும் கேட்டார். வெயில் சாய்கிற வரைக்கும் கேட்டார். பெட்டி என்கிற வார்த்தை ஒரு தடவைகூட வரவில்லை.

டீச்சர் எழுந்தாள். கூடத்து மூலைக்குப் போய்ப் பித்தளைத் தராசை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தாள்.

"ஏய், ஏய், அதைத் தொடாதே! இடது தட்டு..."

பூப்போட்ட துணியை இழுத்தாள். ஒன்பது வருஷத்துப் பஸ் டிக்கெட்டுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. அமுங்கிப்போன பழைய பேப்பர்களை எடுத்தாள். அடியில் சரிவாக, பச்சை வெல்வெட்டோடு, பித்தளை மூலைகளோடு, அப்பாவின் பெட்டி. கீழ்ப்பாதி.

"இது..."

"நீங்க பிரிச்ச மறுவாரமே அவ கொண்டாந்து என்கிட்ட குடுத்துட்டா. 'அண்ணி, பெட்டியைக் கேட்டா குடுக்காதீங்க. என்னைக் கேட்டா குடுங்க'ன்னா. இன்னிக்குத்தான் கேட்டீங்க."

"ஒன்பது வருஷமா என் தராசு இதுமேலயா நின்னுது?"

"அதான் கோணல்."

"அவ சாகக் கிடந்தப்பகூட நீ சொல்லலையே! பதினேழு நாள் அலைய விட்டீங்களேடி ரெண்டு பேரும்!"

"சொல்லியிருந்தா பெட்டியை வாங்கி வெச்சுக்கிட்டு வீட்டுலயே உக்காந்திருப்பீங்க. பெட்டி கிடைக்காத வரைக்கும்தானே உங்களுக்கு பஸ் ஓடிச்சு? 'குடுத்துடாதீங்க அண்ணி, குடுத்தா வரமாட்டார்'னு தினமும் அவதான் போன் பண்ணி கெஞ்சுவா. அந்தத் தச்சர் கல்யாணம்கூட நாங்க ரெண்டு பேரும் சேந்து யோசிச்சதுதான்."

தராசு குலுங்கிக் குலுங்கி அழுதார். நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, அந்தப் பாதியை மடியில் வைத்துக்கொண்டு, விசும்பலுக்கு நடுவே சட்டைப்பையைத் துழாவினார். கண்ணாடிக்கூட்டிலிருந்து குட்டிச் சாவியை எடுத்தார். என்ன இருந்தாலும் இன்ஸ்பெக்டர் இல்லையா, எதிர்த்தட்டில் வைக்க அவரிடமும் ஒன்று இருக்க வேண்டாமா?

"நானும் சும்மா இருக்கலைம்மா. சாவி என்கிட்ட இருக்கு, திறக்கணும்னா அவ வந்துதானே ஆகணும்னு தினமும் வாசலைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நான் குடுக்காம இதை அவ எப்படித் திறந்திருப்பா, சொல்லு?"

சாவியை நுழைத்தார். வலது பக்கம் திருகினார். அசையவில்லை. இடது பக்கம் திருகினார். அதற்கும் அசையவில்லை. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, சுண்டுவிரலால் இழுப்பறையை லேசாக இழுத்தாள். அது சத்தமில்லாமல் வெளியே வந்தது. உள்ளே ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று திருகாணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"இது உங்க அப்பா இருக்கும்போதே கெட்டுப்போன பூட்டுங்க," என்றாள்.